லீன் ஆக்கினால் மட்டும் மைலேஜ் கூடாது: ஈசியூ ட்யூனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்
எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான ஈசியூவில், நாமே நிரலிடக்கூடிய வகையைப் பொருத்தியவர்களில் பலர் லேப்டாப்பை இணைத்ததும் செய்யும் முதல் வேலை, எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் அட்டவணையான எரிபொருள் மேப்பின் எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக ஐந்து சதவீதம் குறைப்பதுதான். குறைத்ததெல்லாம் மிச்சம் என்ற இந்தக் கணக்கை எஞ்சின் ஏற்பதில்லை. கலவை லீன் ஆக ஆக, அதாவது காற்றோடு ஒப்பிடப் பெட்ரோல் குறையக் குறைய, தீ பரவும் வேகம் குறைகிறது. தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கை மாற்றாமல் விட்டால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தை எட்டுவதும் தாமதமாகிறது. இழுவை குறைந்ததை உணரும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை இன்னும் சற்று அழுத்துகிறார், மிச்சப்படுத்தியதாக நினைத்த பெட்ரோல் அந்த அழுத்தலிலேயே போய்விடுகிறது.

எனவே, சீரான வேகத்தில் ஓடும்போது எஞ்சின் பயன்படுத்தும் மேப்பின் அந்தச் சில கட்டங்களில் முதலில் கவனிக்க வேண்டியது டைமிங்கையே. சுமை குறைவாக இருக்கும் அந்த நிலையில், சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட பழைய எஞ்சின்கள் பல 35 டிகிரிக்கு மேற்பட்ட அட்வான்ஸையும், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி விடுவதையும், தாங்கும். நான்கு வால்வு எஞ்சின்களுக்குப் பொதுவாக அவ்வளவு தேவைப்படாது. இரண்டிரண்டு டிகிரியாகக் கூட்டி, இழுவை மேலும் கூடாத இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முழுச் சுமைக் கட்டங்களை இந்த வேலையில் தொடவே கூடாது. அங்கே ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருக்கும் கலவை எஞ்சினைச் சூட்டிலிருந்தும், கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங்கிலிருந்தும் காக்கிறது. தவிர, அன்றாட ஓட்டத்தில் அந்தக் கட்டங்களுக்கு எஞ்சின் போவதே அரிது.

அடுத்த தவறு, ஆக்சிஜன் சென்சார் சொல்வதை அப்படியே நம்புவது. அந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால், அதாவது அதில் கலவை தீப்பிடிக்காமல் போனால், எரியாத காற்று முழுவதும் அதன்மேல் பாய, அது ‘லீன்’ என்கிறது. சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் இதே கதைதான். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் மட்டும் லீன் காட்டிய என் எஞ்சினுக்கு இரண்டு வாரம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போன பிறகுதான், கேஸ்கெட் விளிம்பில் படிந்திருந்த கரித்தடம் என் கண்ணில் பட்டது.

எத்தனால் கலந்த பெட்ரோலில் வேறொரு குழப்பம் உண்டு. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான 14.7 என்ற காற்று–எரிபொருள் எடை விகிதம், 20 சதவீத எத்தனால் கலந்தால் ஏறத்தாழ 13.5 ஆகிறது. இதைப் படித்தவர் மீட்டரிலும் 13.5 வரட்டும் என்று மேப்பைத் திருத்துகிறார். ஆனால் பெரும்பாலான மீட்டர்கள் லாம்டாவை, அதாவது முழுதாக எரியத் தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு காற்று உள்ளது என்பதை, அளந்து, அதை 14.7-ஆல் பெருக்கியே காட்டுகின்றன. எரிபொருள் எதுவானாலும் லாம்டா 1 என்றால் அங்கே 14.7 என்றே தெரியும். அந்த மீட்டரில் 13.5 வரவைத்தால் லாம்டா 0.92 ஆகி, தேவையைவிட ஏறக்குறைய 9 சதவீதம் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். விகிதத்தை மறந்து லாம்டாவிலேயே வேலை செய்வது இந்தத் தொல்லையை ஒழிக்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் டெட் டைமை. மின்சாரம் வந்தபின் ஊசி திறக்க ஆகும் அந்த நேரம், மின்னழுத்தம் குறையக் குறைய நீளும். ஐடிலில் இன்ஜெக்டருக்குச் செல்லும் மொத்த மின்துடிப்பு 2 மில்லி வினாடி, அதில் டெட் டைம் 1 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடி மின்னழுத்தம் இறங்க, டெட் டைம் 0.2 கூடினால், உண்மையில் பெட்ரோல் பாயும் நேரம் 1-லிருந்து 0.8 ஆகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மின்னழுத்தத்துக்கு ஏற்ற திருத்த அட்டவணையை நிரப்பாமல் ஐடில் கட்டங்களை ரிச் ஆக்கிச் சமாளித்தவருக்கு, மின்னழுத்தம் சரியாக உள்ள நேரமெல்லாம் பெட்ரோல் வீண்தான்.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் லாம்டா 1-ஐத் தாண்டி லீன் ஆக்கினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறும் என்பதால் அந்த வழி அங்கே கிடையாது. எஞ்சினின் குளிர்விப்பு நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், எஞ்சின் போதிய அளவு சூடேறாததால் ஈசியூ பல நேரம் குளிர்நிலைக்கான கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். அதை மேப்பில் தேடுவது வீண் வேலை. ஆக்சிலரேட்டரை விட்டு வண்டி தானாக உருளும்போது பெட்ரோலை முழுவதும் நிறுத்தும் வசதி பல ஈசியூக்களில் இருந்தும் அணைக்கப்பட்டே கிடக்கிறது. அதை இயக்கி, மீண்டும் பெட்ரோல் தொடங்கும் ஆர்பிஎம்மை ஐடிலுக்குச் சில நூறு மேலே வைத்தால், எஞ்சின் அணைந்துவிடாமலும் குலுங்காமலும் ஓட்டத்துக்குத் திரும்பும்.