அலை எங்கே, எப்படி உடையும்: கரையில் நின்றே கணிக்கும் முறை

கடலில் கால் வைக்குமுன் மணலின் சரிவைப் பாருங்கள். ஒரே உயரமுள்ள அலைகூட, சரிவு மாறினால் வேறு மாதிரி உடையும்.

சென்னை கிழக்குக் கரை என்பதால் காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். மாலை 4 மணிக்குப் பெசன்ட் நகர் போனால் அலை முகடு தெளிவாகத் தெரியும்.

முதலில் நேரம். ஒரு முகடு உடையும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டி, அதைப் பூஜ்யம் என்று வைத்து 10 வரை எண்ணுங்கள். வந்த விநாடியை 10-ஆல் வகுங்கள்; அதுதான் அலைகளுக்கு இடைவெளி. முதல் முகட்டையே 'ஒன்று' என்று எண்ணிவிடுவதுதான் வழக்கமான பிழை.

அடுத்து உயரம். முகடு தொடுவானத்தைத் தொடுவதுபோல் தெரியும் இடம்வரை மணலில் ஏறி இறங்குங்கள். அங்கே உங்கள் கண்மட்டம்தான் முகட்டின் மட்டம். அலை பின்வாங்கும்போது தண்ணீர் நிற்கும் அடிமட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். 10 நிமிடமாவது கவனிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

சரிவுக்குக் கொத்தனாரின் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) போதும். ஈர மணலில் 10 மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளக்கலாம். காய்ந்த மேட்டில் அளந்தால் கணக்குத் தப்பும். புயலுக்குப் பிறகு மணல் இடம் மாறியிருக்கும், திரும்ப அளக்க வேண்டும்.

இனி கணக்கு. அலை, தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். முகட்டுக்குக் கீழே ஆழம் அதிகம், முன்னாலுள்ள பள்ளத்தில் குறைவு. அதனால் முகடு விரைந்து வந்து பள்ளத்தின் மேல் கவிழ்கிறது. 1 மீட்டர் அலை, 50-க்கு 1 சரிவில் (10 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம்) கரையிலிருந்து சுமார் 65 மீட்டரிலேயே நுரைத்து, மெல்லத் தேய்ந்து வரும். 10-க்கு 1 சரிவில் (10 மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்) 13 மீட்டரில் சுருண்டு, சுவர் இடிவதுபோல் விழும். அலைகளுக்கு இடைவெளி 8 விநாடி என்றால் இது அப்படியே பொருந்தும். இடைவெளி கூடினால் சுருளும் வேகமும் கூடும்.

கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகைக்குத்தான். விழுந்த நீர் சரிவில் திரும்பும்போது குதிகாலுக்குக் கீழே மணலை அரித்து இழுக்கும், முழங்கால் ஆழத்திலேயே ஆள் சாய்வார். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இரண்டு நுரைப் பட்டைகளுக்கு நடுவே நுரையில்லாமல் கறுத்து, அமைதியாகத் தெரியும் இடத்தைப் பலர் பாதுகாப்பு என்று நம்பி இறங்குகிறார்கள். தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகும் பாதை அதுதான். மாட்டினால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.