மேட்டில் தொடங்கி ஓடையில் முடியுங்கள்: நீர்வடிப்பகுதிப் பணிகளும் அவற்றின் பணமும்

மழைநீர் ஒரே ஓடைக்கு வடிந்து சேரும் நிலப்பரப்புதான் நீர்வடிப்பகுதி. அதை மேம்படுத்தும் திட்டம் ஒரு ஊருக்கு வருகிறது என்றதும் கூட்டத்தில் எழும் முதல் கோரிக்கை தடுப்பணைதான். ஓடையில் சுவர் எழும்பினால் எல்லார் கண்ணுக்கும் தெரியும், பெயர்ப்பலகை வைக்கவும் இடம் கிடைக்கும். ஆனால் மேட்டில் எதுவும் செய்யாமல் கீழே கட்டிய தடுப்பணை சில மழைக்காலங்களிலேயே மண் நிறைந்து மேடாகிவிடும். பிறகு அது தண்ணீரைத் தேக்காது, மண்ணைத்தான் தேக்கும். ஆகவே வரிசை இதுதான்: உச்சியில் குன்றும் புறம்போக்கும், அடுத்து மானாவாரி நிலங்கள், அடுத்து ஓடையின் சிறு கிளைகள், கடைசியில்தான் பெரிய ஓடை.

கையில் எவ்வளவு இருக்கிறது?

2021-22இல் தொடங்கிய பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் நீர்வடிப்பகுதிப் பிரிவில் (2.0) சமவெளிக்கு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய் வரையும், மலை போன்ற கடினமான பகுதிகளுக்கு 28,000 ரூபாய் வரையும் அலகுச் செலவு வைத்திருக்கிறார்கள். இதில் ஒன்றிய அரசு 60 சதவீதமும் மாநிலம் 40 சதவீதமும் தரும். தமிழ்நாட்டில் இதை நடத்துவது தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை. 1999-2000இல் ஒன்றிய அரசும் நபார்டும் (தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) ஆளுக்கு 100 கோடி போட்டுத் தொடங்கிய நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி இன்னொரு வழி.

500 ஹெக்டேர் என்றால் 1 கோடியே 10 லட்சம். பெரிய தொகைபோலத் தெரியும். ஆனால் நிர்வாகம், பயிற்சி, திட்ட அறிக்கை, வாழ்வாதாரம், உற்பத்தி மேம்பாடு எல்லாம் போக மண், நீர் வேலைகளுக்கு ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். அதாவது ஹெக்டேருக்குச் சுமார் 11,000 ரூபாய். 3 சதவீதச் சரிவுள்ள ஒரு ஹெக்டேருக்கு முழுமையாக வரப்புப் போட 240 கனமீட்டர் மண் வேலை வேண்டும் (கணக்கு கீழே). கனமீட்டருக்கு 100 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் 24,000 ஆகிறது. எல்லா நிலத்துக்கும் எல்லா வேலையும் செய்ய முடியாது என்பதை முதல் கூட்டத்திலேயே இந்தக் கணக்கோடு சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் பணம் வீட்டுக்குக் கொஞ்சமாகப் பங்கு பிரிந்து, எந்த வரப்பும் முழுசாக முடியாமல் போகும்.

சமமட்டக் கோடு பிடித்தல்

சரிவில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பதே சமமட்டக் கோடு; வரப்பு இதன்மேல்தான் வரும். இதைப் பிடிக்க ஏ-பிரேம் ('A' எழுத்து வடிவச் சட்டம்) போதும். சுமார் 2 மீட்டர் நீளத்தில் ஒரே அளவான இரண்டு கம்புகள், இடையே குறுக்கே கட்ட ஒரு கம்பு, உச்சியிலிருந்து தொங்கவிட ஒரு கயிறு, கயிற்று நுனியில் ஒரு கல். கல் கனமாக இருக்கட்டும். லேசான கல்லைக் கட்டினால் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், குறி பிடிக்க முடியாது.

கட்டியதும் மட்டக்குறி போட வேண்டும். இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். கால்களை இடம் மாற்றி, அதே முளைகளில் நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் வருவதே மட்டக்குறி. கம்பு காய்ந்து கட்டு தளரும் என்பதால் தினமும் வேலை தொடங்குமுன் ஒருமுறை சரிபார்க்கவும்.

ஒரு காலை நிறுத்திவிட்டு, கயிறு குறியில் விழும்வரை மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்துங்கள். விழுந்த இடத்தில் முளை. பிறகு அந்த முளையிலிருந்து அடுத்த அடி. மண்ணாங்கட்டி மீதோ உழவுச் சால் குழியிலோ கால் நின்றால் அந்தப் பிழை கோடு முழுக்கத் தொடரும், அதனால் காலடியைத் தட்டிச் சமன் செய்துவிட்டு வையுங்கள்.

முளைகள் பாம்புபோல வளைந்து நிற்கும். ஒன்றிரண்டு முளைகளை அரை அடி மேலோ கீழோ நகர்த்தி வளைவைச் சீராக்கலாம். பள்ளம் கடக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கோட்டை நேராக்குகிறேன் என்று பள்ளத்தின் கீழ்ப்பக்கமாக முளையை இறக்கினால், வரப்பின் தலை அங்கே தாழ்ந்துவிடும். அங்கே அடியிலிருந்து கூடுதல் உயரம் கொடுத்துத் தலையை மற்ற இடங்களோடு சமமாக்க வேண்டும். உடைகிற வரப்புகளில் பெரும்பாலானவை உடைவது இங்கேதான்.

வரப்பின் அளவு

இரண்டு வரப்புகளுக்கு இடையிலான செங்குத்து இறக்கம் மீட்டரில்: சரிவின் சதவீதத்தை 3ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3ஆல் பெருக்குங்கள். 3 சதவீதச் சரிவுக்கு 0.9 மீட்டர் வரும். தரையில் அது 30 மீட்டர் இடைவெளி. ஹெக்டேருக்குச் சுமார் 333 மீட்டர் வரப்பு.

செம்மண்ணுக்கு அடி அகலம் 2.1 மீட்டர், தலை 0.3 மீட்டர், உயரம் 0.6 மீட்டர் வைத்தால் குறுக்குவெட்டு 0.72 சதுரமீட்டர். 333ஆல் பெருக்கினால் 240 கனமீட்டர். புது மண் அமுங்கும், அதனால் போடும்போது 10 முதல் 15 சதவீதம் உயரம் கூட்டுங்கள்.

அடித்தளத்தில் செடி, வேர், புல்லை நீக்கி லேசாக உழுது விட்டால்தான் புதுமண் பழைய மண்ணோடு ஒட்டும். 15 செ.மீ. படலமாகப் போட்டு, கட்டியை உடைத்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். ஜேசிபி கொட்டிய குவியலை அப்படியே மேலே தடவிவிட்டுப் போவதுதான் வழக்கம். உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் எலி வளை வைக்கும், தண்ணீர் அந்த வழியாகவே வெளியேறும்.

மண் எடுக்கும் குழி வரப்பின் மேட்டுப்பக்கம் இருக்கட்டும். வரப்படியிலிருந்து 30 செ.மீ. விட்டு, ஆழம் 30 செ.மீ.க்கு மிகாமல் எடுங்கள். நீள வாய்க்காலாக வெட்டாமல் சில மீட்டருக்கு ஒருமுறை வெட்டாத திட்டு விடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் குழி வழியே ஓடி ஒரு மூலையில் சேர்ந்து வரப்பைத் தள்ளும்.

மிச்ச நீர் போக, தாழ்ந்த இடத்தில் கல் பதித்த ஒரு சிறு கலிங்கு கட்டாயம் வேண்டும். அதன் வாய்மட்டம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதற்கு மேல் வரும் நீர் அமைதியாக வெளியேறும். கலிங்கின் கீழே விழும் இடத்திலும் கல் பரப்புங்கள். பணம் போதவில்லை என்று கலிங்கைத் தள்ளிப்போடும் ஊர்களில் விவசாயியே மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த முறை மழை குறைந்த செம்மண் மானாவாரிக்கு உரியது, சரிவும் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கரிசலில் சமமட்ட வரப்பு வேண்டாம். கோடையில் வெடிப்பு விழுந்து வரப்பு பிளக்கும், மழையில் பயிர் நீர் கட்டி அழுகும். அங்கே 0.2 முதல் 0.4 சதவீதம் வாட்டம் கொடுத்து, நீரைப் புல் மூடிய வடிகாலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: சமமட்டக் கோடு பட்டா எல்லையை மதிக்காது. ஒரு ஏக்கருக்குக் குறைவான நிலத்தின் குறுக்கே வரப்பு போனால் உழவு மாடும் டிராக்டரும் திரும்ப இடமிருக்காது, அடுத்த பருவமே கலைத்துவிடுவார்கள். சிறு நிலங்களில் இருக்கும் எல்லை வரப்பை உயர்த்தி, தாழ்ந்த மூலையில் கலிங்கு வைப்பதே நிலைக்கும். பொறியியல் நூல் இதை இரண்டாம் தரமாகச் சொல்லலாம். ஆனால் கலைக்கப்படாத வரப்பே நல்ல வரப்பு.

முதல் மழைக்கே கொழுக்கட்டைப்புல்லோ முயல்மசாலோ வரப்பில் விதையுங்கள். வெட்டிவேர் என்றால் நாற்றுகளுக்கு இடையே 10 முதல் 15 செ.மீ. போதும்.

சிற்றோடையில் கல் தடுப்பு

உயரம் 1 மீட்டருக்குள். இடைவெளிக்கு ஒரே விதி: கீழ்த்தடுப்பின் தலைமட்டம் மேல்தடுப்பின் அடிமட்டத்தைத் தொட வேண்டும். ஓடைச் சரிவு 10 சதவீதம், தடுப்பு 0.75 மீட்டர் என்றால் 7.5 மீட்டருக்கு ஒன்று.

அடியில் 30 செ.மீ. தோண்டி முதல் வரிசைக் கல்லைப் புதையுங்கள். இரு கரைகளிலும் குறைந்தது அரை மீட்டர் உள்ளே செலுத்துங்கள். பெரிய, கோணமுள்ள கற்கள் வெளியே, சில்லுக் கற்கள் உள்ளே. உருண்டைக் கல் உருண்டு போகும். கீழ்ப்பக்கச் சாய்வு மேல்பக்கத்தைவிடப் படுத்திருக்கட்டும். தலையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 20 முதல் 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பார்வைக்கு அழகாக நேர்மட்டமாகக் கட்டினால் வெள்ளம் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போகும், தடுப்பு நடுவில் தனியாக நிற்கும். கீழே ஒரு மீட்டராவது கல் பரப்பாவிட்டால் விழும் நீர் குழி பறித்து அடியையே சாய்க்கும். கல்லை அதே சரிவில் பெயர்த்து எடுக்காதீர்கள். பிடிப்புப் போன இடத்திலிருந்து அடுத்த அரிப்பு தொடங்கும்.

பண்ணைக்குட்டை

மேல்புறம் 20க்கு 20, அடி 16க்கு 16, ஆழம் 2 மீட்டர் என்றால் ஏறத்தாழ 650 கனமீட்டர், அதாவது ஆறரை லட்சம் லிட்டர். நீர் நுழையும் இடத்தில் 2 மீட்டர் சதுரத்தில் 1 மீட்டர் ஆழ வண்டல் குழி வெட்டினால் தூர் வாரும் வேலை அந்தக் குழியோடு நிற்கும். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்து, அதில் கால்பங்கு ஓடிவந்தால் 125 கனமீட்டர்தான் சேரும். மேலே எவ்வளவு நிலம் வடிகிறது என்று பார்க்காமல் வெட்டிய குட்டை வெறும் பள்ளமாகவே கிடக்கும்.

குழு, அளவுப் புத்தகம், பங்களிப்பு

2008 பொது வழிகாட்டு நெறிகளின்படி நீர்வடிப்பகுதிக் குழுவில் குறைந்தது 10 பேர், அதில் பாதிப் பேர் சுய உதவிக் குழு, பயனாளர் குழு, பட்டியலினத்தார், பெண்கள், நிலமற்றோர் சார்பில் வர வேண்டும். செயலாளருக்கு மதிப்பூதியம் உண்டு. அவரிடம் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், அளவுப் புத்தகம் மூன்றும் அன்றன்று எழுதப்பட்டிருந்தால் தணிக்கை நாளில் யாரையும் தேட வேண்டாம்.

மண் வேலைக்கான கூலியை வரப்பை அளந்து கொடுக்காதீர்கள். பொலபொலவென்று கிடக்கும் மண் எப்போதும் கூடுதலாகவே காட்டும். மண் எடுத்த குழியை அளக்கவும். குழி நடுவே ஒரு மண் திட்டைத் தொடாமல் விட்டுவைத்தால் பழைய தரைமட்டம் எதுவென்று வாதம் வராது. அளந்து எழுதிய பிறகே திட்டை வெட்டுங்கள்.

தனியார் நிலத்தில் வேலை நடந்தால் நில உடைமையாளர் செலவில் 10 சதவீதமும், பட்டியலினத்தாரும் சிறு, குறு விவசாயிகளும் 5 சதவீதமும் தர வேண்டும் என்கின்றன அதே நெறிகள். இதைக் கூலியாட்களின் சம்பளத்தில் பிடிப்பது பல ஊர்களில் நடக்கிறது. நெறிகள் இதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. பங்களிப்பு நிலக்காரருடையது, வரப்பு போட வந்த கூலிக்காரருடையது அல்ல. ரசீது நிலக்காரர் பெயரில் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

சேரும் தொகை குழுவின் சொந்த நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதிக்குப் போகிறது (மேலே சொன்ன நபார்டு நிதி வேறு). திட்டம் முடிந்தபின் பொதுக் கட்டமைப்புகளைப் பழுதுபார்க்க இருப்பது இதுதான், தனியார் நில வரப்புகளுக்கு இதிலிருந்து எடுக்க முடியாது. அமெரிக்காவில் 1937இல் வட கரோலினாவில் தொடங்கிய மண் பாதுகாப்பு மாவட்டங்களுக்குப் பல இடங்களில் உள்ளூர் நிர்வாகமே ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறது. இங்கே அப்படியொரு நிரந்தர வரவு இல்லாததால் இந்தச் சிறு நிதியை வட்டியில் போட்டுக் காப்பது செயலாளரின் முக்கிய வேலை.

மழைக்கு முன்னும் பின்னும்

மண் வேலைகளை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழை விட்டதும் வரப்பு முழுக்க நடந்து பார்க்கவும்: தலை தாழ்ந்த இடம், எலி வளை, கலிங்கின் கீழ் பறிந்த குழி, கல் தடுப்பின் கரையோரக் கசிவு. உடைப்பு இருந்தால் வெறும் மண்ணை அள்ளி நிரப்பினால் அடுத்த மழையில் அதே இடத்தில் போகும். உடைந்த இரு முனைகளையும் படிப்படியாக வெட்டி, ஈரப்படுத்தி, 15 செ.மீ. படலமாக இறுக்கி ஏற்றுங்கள். பக்கத்து வரப்பைவிட ஒரு சாண் கூடுதலாக முடியுங்கள்.