கைப்பட்டைத் தரவில் மறதி நோயைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசைவையும் தூக்கத்தையும் பதிய கையில் கட்டும் பட்டையின் தரவை வைத்து டிமென்ஷியாவை, அதாவது மறதி நோயை, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். சார்ஜ் போடாமல் கொடுப்பது, தேதியைத் தப்பாக வைப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூக்க நிலைகளை அப்படியே நம்புவது

மணிக்கட்டுப் பட்டை மூளை அலையை அளப்பதில்லை. அது காட்டும் 'ஆழ்ந்த தூக்கம்' ஒரு மதிப்பீடு மட்டுமே.

கழற்றி வைத்த நேரத்தைத் தூக்கி எறிவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பிரிட்டனின் யுகே பயோபேங்க் ஆய்வில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏழு நாள் பட்டை கட்டினார்கள். அந்த ஆய்வின் விதிகளைத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் பட்டையில் அசைவே பதிவாகவில்லை என்றால் அது கையில் இல்லை என்று கணக்கு. மொத்தம் 72 மணி நேரத்துக்குக் குறைவாகக் கட்டியவர்களின் பதிவு நீக்கப்படும். இப்படி வந்த 1,03,712 பதிவுகளில் 96,600 தேறின. மக்கள் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று பார்க்க அது நல்ல விதி. ஆனால் பட்டையைக் கட்ட மறப்பவர் யார்? குளிக்கப் போகும்போது கழற்றி, எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நிற்பவர் யார்? நாம் தேடும் ஆளே அவர்தான்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், 'தரம் குறைந்தவை' என்று ஒதுக்கிய பட்டியலைக் கொண்டுவந்தார். அதில் எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. வரைபடத்தைத் திறந்தோம். செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குக் கோடு தட்டையாகிறது. பட்டையின் வெப்பநிலை மெல்ல இறங்கி, அறையின் வெப்பத்தில் போய் நிற்கிறது. மறுநாள் காலைவரை அப்படியே. மகளுக்குப் போன் போட்டோம். "அம்மா அதைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள்ள வச்சிட்டாங்க டாக்டர். வச்சதே ஞாபகம் இல்லைங்கறாங்க." அந்த வாரம் எங்களுக்குக் கிடைத்ததிலேயே முக்கியமான தகவல் அது. பட்டியலிலோ அது நீக்க வேண்டிய பதிவு.

சிலர் அந்த இடைவெளியை மற்ற நாட்களின் சராசரியால் நிரப்புவார்கள். குழம்பிப்போன ஒரு நாளின் இடத்தில் ஒழுங்கான நாள் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். சில மென்பொருள்கள் கழற்றி வைத்த நேரத்தைத் தூக்கம் என்றே எண்ணிவிடும். கடைசியில் மிஞ்சுவது நலமாக இருப்பவர்களின் தரவு. அதில் பழகிய கணினி மாடல் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கும், கிளினிக்கில் தடுமாறும். மாதக்கணக்கான உழைப்பும், முதியவர்கள் பொறுமையாகக் கொடுத்த நேரமும் வீண்.

கழற்றிய நேரத்தையும் ஒரு தகவலாகவே பதிந்து வையுங்கள்: எப்போது, எவ்வளவு நேரம், ஏன். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். வெயில் காலத்தில் வியர்வை அரிப்பு தாங்காமல் கழற்றுபவர்கள் நிறைய. அவர்களை மறதிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்பு

வேண்டாம். அதே ஆளின் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள்.

பகல் தூக்கத்தின் மேல் பழி போடுவது

சிகாகோ ரஷ் பல்கலைக்கழகத்தின் முதியோர் ஆய்வுத் தரவிலிருந்து 2022-இல் வந்த கட்டுரை, உறவு இரண்டு பக்கமும் இருப்பதாகக் காட்டியது. பகலில் அதிகம் தூங்குபவர்களுக்கு ஆபத்து கூடுதல்; நோய் வளர வளரப் பகல் தூக்கமும் கூடுகிறது. இதை வைத்துக்கொண்டு மதியம் கண்ணயரும் பாட்டியை எழுப்பி உட்கார வைக்கச் சொல்லாதீர்கள்.

எச்சரிக்கையை நேராகப் போனுக்கு அனுப்புவது

முதியவர்களின் மறதி நோயை ஆராய்ந்த லாசி-டேட் ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. நோய் உள்ளவர், இல்லாதவர் இரு தரப்பிலும் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவி கிடைத்தாலும், ஆயிரம் பேரில் நோயுள்ள 74 பேரில் 67 பேர் பிடிபடுவார்கள். நோயே இல்லாத 93 பேருக்கும் அதே எச்சரிக்கை போகும். அதை முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவர். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை, சாப்பிடும் தூக்க மாத்திரை எல்லாவற்றையும் பார்த்த பிறகே குடும்பத்தை உட்கார வைத்துப் பேச வேண்டும்.