உருளைக்கிழங்கு குரோக்கெட்: எண்ணெயில் பிரிந்து போவது ஏன்?

நோன்பு மாதம் நெருங்கினால் போதும், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில் வாணலி ஏறிவிடும். சமோசா, கட்லெட்டோடு இப்போது குரோக்கெட்டும் சேர்ந்துகொண்டது; மசித்த கிழங்கை நீளமாக உருட்டி, பிரெட் தூள் பூசிப் பொரிப்பதுதான் அது. புதிதாக ஆர்டர் எடுக்கும் பெண்கள் என் சமையலறைக்கு வந்து கற்றுக்கொள்வார்கள். யார் வந்தாலும் தவறுகள் அதேதான். உப்பு கூடியது, காரம் குறைந்தது எல்லாம் அடுத்த முறை தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிழங்கில் தண்ணீர்

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். கிழங்கைத் தோல் சீவி, நாலாக வெட்டி, குக்கரில் முங்க முங்கத் தண்ணீர் ஊற்றி நாலு விசில் விடுகிறார்கள். உருளைக்கிழங்கில் ஏற்கெனவே ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். அது போதாதென்று வெட்டிய முகங்கள் வழியாக இன்னும் குடித்துக்கொள்ளும்.

கட்லெட் செய்து பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கட்லெட் தட்டையானது, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் வேகிறது. கலவை சற்று நெகிழ்ந்திருந்தாலும் கல் தாங்கிக்கொள்ளும். குரோக்கெட் அப்படியல்ல. நீள உருளையாக 170, 180 டிகிரி எண்ணெயில் முழுசாக முங்குகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும், மேல்பூச்சில் எங்கே மெலிவோ அங்கே உடைக்கும். உடைந்த இடத்தில் எண்ணெய் உள்ளே போகும், கிழங்கு வெளியே வரும். அப்புறம் வாணலி முழுக்கச் சேறுதான்.

போன நோன்புக்கு ஒரு பெண், முதல் பெரிய ஆர்டர். மதியமே கூப்பிட்டாள்: "அக்கா, உருட்டவே வரலை, கையில ஒட்டுது. யாரோ கார்ன்ஃப்ளார் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன்." எவ்வளவு என்று கேட்டால், பாக்கெட் காலி. அதற்கு மேல் நனைத்துப் பிழிந்த பிரெட்டும் சேர்த்திருந்தாள். உருண்டை என்னவோ பிடிக்க வந்தது. ஆனால் மாவு தண்ணீரை மறைக்கிறதே தவிர வெளியேற்றுவதில்லை. கார்ன்ஃப்ளார் நன்றாகச் சூடேறினால்தான் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். குரோக்கெட் எண்ணெயில் கிடப்பதோ இரண்டு மூன்று நிமிடம், அதற்குள் நடுப்பகுதி வெதுவெதுப்பாகத்தான் ஆகும். அதனால் பாதி வெடித்தது, வெடிக்காத பாதியில் பச்சை மாவு வாசனை. கிழங்கு, பிரெட் தூள், எண்ணெய் என எல்லாமே நஷ்டம். இந்த "கார்ன்ஃப்ளார் போட்டால் சரியாகிவிடும்" என்ற யோசனையை யார்தான் பரப்புகிறார்களோ!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிழங்கைத் தோலோடு, வெட்டாமல் வேகவையுங்கள். இட்லிப் பானையில் ஆவியில் வெந்தால் இன்னும் நல்லது. சூடாக இருக்கும்போதே தோலை உரித்து உதிர்த்து, எண்ணெய் விடாத வாணலியில், சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். ஆவி மெல்லக் குறையும், வாணலியின் அடியில் வெள்ளையாக மெல்லிய படலம் ஒட்டும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். தட்டில் பரப்பி முழுசாக ஆறவிட்டு மசியுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தித் திறந்தால், ஓரத்தில் லேசாகக் கீறல் விட வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது.

கிழங்கு வாங்கும்போதும் பாருங்கள். கட்டைவிரலால் தேய்த்ததும் தோல் உரிந்து வந்தால் அது புதுக் கிழங்கு, நீர் அதிகம், பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேதாஜி மார்க்கெட்டில் கேட்டால் பழைய கிழங்காகப் பொறுக்கித் தருவார்கள். பச்சை ஏறியதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

பச்சை வெங்காயத்துக்கும் இதே கதைதான். உப்பு பட்டதும் நீர் விடும். சுருள வதக்கி, ஆறிய பிறகு சேருங்கள்.

மிக்சி

வேண்டாம். கிழங்கு பசையாகிவிடும்.

ரஸ்க் தூள்

பேக்கரி ரஸ்க் இனிப்பு. சர்க்கரை சீக்கிரம் கருகும், நிறம் வந்துவிட்டதென்று எடுத்தால் உள்ளே சில்லென்றிருக்கும். இனிப்பில்லாத பிரெட்டை உதிர்த்து மொட்டைமாடியில் காயவையுங்கள். வேலூர் வெயிலுக்கு இந்த ஒரு பயனாவது இருக்கட்டும்.

பூசும்போது முதலில் மைதாவில் புரட்டி, அப்புறம் முட்டை அல்லது பஜ்ஜி மாவைவிடச் சற்று நீர்த்த மைதாக் கரைசலில் முக்கி, கடைசியில் தூளில் உருட்ட வேண்டும். எல்லோரும் உடம்பைப் பார்த்துப் பார்த்துப் பூசுகிறார்கள், இரண்டு முனைகளையும் மறந்துவிடுகிறார்கள். பிரிவது பெரும்பாலும் முனையில்தான். முனைகளைத் தனியாகத் தூளில் நிறுத்தி அழுத்துங்கள். பூசியதும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

எண்ணெய்ச் சூடு

உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்தது. மேலே சிவந்தால் போதும். அதனால் "உள்ளே வேகட்டும்" என்று தீயைக் குறைத்து வைப்பதில் அர்த்தமே இல்லை, எண்ணெய் குடிப்பதுதான் மிச்சம். ஒரு பிரெட் துணுக்கைப் போட்டுப் பாருங்கள், உடனே மேலே வந்து சலசலக்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் சிவக்க வேண்டும். ஒரு ஈடுக்கு நாலுக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் போதும். செக்கெண்ணெய் நுரை கட்டினால் அடியில் என்ன நடக்கிறதென்றே தெரியாது. ஈடுக்கு ஈடு, உதிர்ந்த தூளை அரித்து எடுங்கள், அது கருகி அடுத்த ஈட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டும்.

போட்டதும் கரண்டியால் திருப்புவது

முதல் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

காலையில் செய்து வெளியே வைப்பது

சித்திரை, வைகாசியில் மசித்த கலவை மேடையில் இருந்தால் மாலைக்குள் புளித்துவிடும். முன்கூட்டியே வேண்டுமென்றால் உருட்டிப் பூசி ஃபிரீசரில் வையுங்கள். எடுத்தால் பனி விடும்வரை காத்திருக்காதீர்கள், இளகும்போது மேல்பூச்சு நனைந்துவிடும். அப்படியே எண்ணெயில் போட்டு, தீயைச் சற்றே குறைத்து, கூடுதலாக இரண்டு நிமிடம் விடுங்கள். கரண்ட் போய் ஃபிரீசர் இளகிவிட்டதா? இன்னொரு முறை தூளில் புரட்டி உடனே பொரித்துவிடுங்கள். ரொம்ப நேரமாக இளகிக் கிடந்திருந்தால் ஆர்டருக்கு அனுப்பாதீர்கள்.