ஐசியூவில் தொற்றும் இரண்டாவது கிருமி: தோட்டத்துக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கடுமையான இன்ஃபுளுவென்சாவோ கோவிட்டோ வந்து மூச்சுத் திணறினால், பெரும்பாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியாவோ பூஞ்சையோ எளிதில் தொற்றிக்கொள்ளும். அதைத் தடுக்க வீட்டாராலும் முடியும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது: குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறி, மஞ்சள் சளியும் நெஞ்சுவலியும் வந்தால் அது இரண்டாவது தொற்றாக இருக்கலாம். அன்றே கிளினிக் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 94க்குக் கீழே காட்டினால் ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழையுங்கள். பழைய ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அது வைரஸைக் கொல்லாது. பிறகு எடுக்கும் இரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளராமல் போகவும் அதுவே காரணமாகலாம்.

டாக்டரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பது மிக முக்கியம். ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிக்கு டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினமும் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுப்பார்கள். உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் இனிப்பு நீரை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்தவர் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கக்கூடும். ஸ்டீராய்டு ஏறினால் அது பெருகி உடலெங்கும் பரவி, குடல் பாக்டீரியாவையும் இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும். ஐவர்மெக்டின் இந்தப் புழுவுக்கான மருந்து, கோவிட்டுக்கு அல்ல.

மெலியாய்டோசிஸ் இன்னொன்று. ஈர மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வரும் நோய். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்கும். நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் இதற்குப் போதாது, செஃப்டாசிடிமோ மெரோபெனமோ வேண்டும். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர், காலணி போடமாட்டார், இனிப்பு நீர் இருக்கிறது, வீட்டில் டிபி யாருக்கும் வந்ததில்லை." வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோங்கள், நாட்டு மருந்து, சந்தையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரை உட்பட. அந்த மாதிரி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

மூச்சு இயந்திரத்துக்காகத் தொண்டையில் குழாய் போட்டு 48 மணி நேரம் கடந்தபின் வரும் நிமோனியா, பெரும்பாலும் வாயில் ஊறும் கிருமி குழாயைச் சுற்றிக் கீழே கசிவதால் வருகிறது. படுக்கையின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையில் மருந்துத் திரவம் தேய்க்க வேண்டும். மோதிரத்தையும் கைக்கயிற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். தீர்த்தமோ தண்ணீரோ ஒரு சொட்டுக்கூட வாயில் விடாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும். நெற்றியில் திருநீறு இட நர்ஸிடம் அனுமதி கேட்டால் போதும்.

கல்ச்சர் எடுத்து 48 முதல் 72 மணி நேரத்தில், முடிவைப் பார்த்து மருந்தை மாற்றுவார்கள் அல்லது நிறுத்துவார்கள். பெரிய ஊசியிலிருந்து சின்ன மருந்துக்கு இறங்கினால், கைவிட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் கிருமி எதுவென்று தெரிந்துவிட்டது என்று அர்த்தம். தேவையில்லாமல் நீட்டினால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். குழாயால் வரும் நிமோனியாவுக்குப் பொதுவாக 7 நாள் போதும். மெலியாய்டோசிஸ் மட்டும் வேறு: குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, பிறகு குறைந்தது 3 மாதம் மாத்திரை. வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிட்டால் அதே நோய் திரும்பி வரக்கூடும்.