மூன்றாவது மாடி, இரண்டரை மாதக் குட்டி: வீட்டுக்குள் உச்சா போகாமல் பழக்கிய கதை

போன ஐப்பசி மழையில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாட்டு நாய்க்குட்டி ஒதுங்கிக் கிடந்தது. இப்போது அது எங்கள் வீட்டு மிளகு. பல்லைப் பார்த்த டாக்டர், "ரெண்டரை மாசம் இருக்கும்மா" என்றார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. இறங்கினாலும் சிமெண்ட் தரைதான். முதல் மூன்று வாரம் துடைப்பத்தோடுதான் குடும்பம் நடத்தினேன். நான்காவது வாரம்தான் விஷயம் பிடிபட்டது.

கிண்ணம், கழுத்துப்பட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் தயார் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: கடிகாரம்

குட்டிக்கு அடக்கத் தெரியாது என்பதில்லை, அடக்க முடியாது. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அதிகபட்ச மணி நேரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் படுத்துக் கிடந்தால்தான். விழித்து ஓடி ஆடும் நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு தடவை தூக்கிப் போங்கள். தூங்கி எழுந்த உடனே, விளையாடி முடித்த உடனே, சாப்பிட்ட ஐந்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் கட்டாயம் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்தேன். ஒரு மாதத்தில் அது தேவைப்படவில்லை.

சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். காலை 7, மதியம் 1, மாலை 7 என்று வைத்தால் வெளியே வருவதும் நேரத்துக்கு வரும். தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டாம். சென்னை வெயிலில் அது பாவம்.

படி 2: இடம்

நாய்களுக்கு வரும் பெரிய தொற்று நோய்களைத் தடுக்கும் டிஎச்பிபிஐ தடுப்பூசி வரிசை முடியக் குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகிவிடும். அதுவரை தெரு நாய்கள் நடமாடும் மண்ணில் விடுவது ஆபத்து, ஏனென்றால் குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் மொட்டை மாடி மூலையில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் நாலு விரல் உயரத்துக்கு மண் கொட்டி வைத்தேன். மண்ணில் பிறந்த குட்டிக்கு அது சொல்லித் தர வேண்டிய விஷயமே இல்லை.

கடையில் விற்கும் உறிஞ்சு விரிப்பு எனக்குப் பிடிக்காது. அதன் மேல் கால் வைத்தால் குட்டிக்குத் துணி போலத் தெரிகிறது. அப்புறம் மிதியடி, போர்வை, அத்தையின் மடித்து வைத்த புடவை எல்லாமே அதற்குக் கழிப்பறைதான். முழுநாளும் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு வேறு வழி இல்லை என்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

கழுத்துச் சங்கிலி வேண்டவே வேண்டாம். ஆறடி நைலான் வார் ஒன்றும், நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டையும் போதும்.

படி 3: ஒரே சொல், உடனே ஈரல்

எங்கள் வீட்டுச் சொல் "உச்சா". அவர் ஒன்று, நான் ஒன்று, அத்தை ஒன்று என்று சொல்லிக் குழப்பாதீர்கள். குந்தும்போது மெதுவாக ஒரு தடவை சொல்லுங்கள். முடித்து நிமிர்ந்ததும் இரண்டு விநாடிக்குள் வாயில் தீனி விழ வேண்டும். வேகவைத்த கோழி ஈரலைப் பாதிக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி, டப்பாவில் போட்டு இடுப்பிலேயே வைத்திருப்பேன். ஆரம்பத்தில் ஈரலைச் சமையலறையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கொடுத்தேன். மிளகுக்குப் புரிந்தது "படி இறங்கி வீட்டுக்கு ஓடினால் ஈரல்" என்பதுதான். அவள் கணக்கு சரி, என் கணக்குதான் தப்பு.

படி 4: தரை (நான் சறுக்கியது இங்கேதான்)

மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காகச் செய்தும், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்த ஒரு மூலையை அவள் விடவே இல்லை. அத்தை தினம் இரண்டு வேளை பினாயில் போட்டுத் துடைப்பார். வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும். மறுநாள் அதே மூலையில் அதே குளம்.

தெருமுனைக் கடைக்காரரிடம் கள்ள நோட்டு பார்க்கும் சின்ன ஊதா விளக்கு ஒன்று உண்டு. அதை ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி வந்தேன். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு தரையோரமாக அடித்துப் பார்த்தால், துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த டைல்ஸில் மங்கிய மஞ்சள் பச்சையாகத் திட்டுத் திட்டாக ஒளிர்ந்தது. டைல்ஸின் மேலே கூட அவ்வளவு இல்லை. இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமெண்ட் கோட்டில்தான் கோடு இழுத்த மாதிரி நின்றது. சோபாவின் மரக்காலில் ஒரு சாண் உயரத்துக்குத் தெறித்த புள்ளிகள். பின்னால் நின்ற அத்தை, "அடிப்பாவி, நான் இத்தன நாளா இங்கதான் சம்மணம் போட்டு காய் நறுக்கினேன்" என்றார்.

பினாயில் வாசனை நம் மூக்கைத்தான் ஏமாற்றுகிறது. அடியில் மூத்திர வாடை அப்படியே இருக்கும், நாய்க்கு அது பெயர்ப்பலகை மாதிரி. போதாக்குறைக்குப் பினாயில் காலில் ஒட்டி, குட்டி அதை நக்கினால் உடம்புக்குக் கெடுதி. பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம்: மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் புகை வரும்.

நான் இப்போது செய்வது இது. முதலில் பழைய துணியால் ஒற்றி எடுப்பேன். தேய்த்தால் பரவும். பிறகு வெறும் தண்ணீர். அதன்பின் வளர்ப்புப் பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தை நிறையவே ஊற்றி, புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை அப்படியே விட்டுவிடுவேன். சிலர் உடனே துடைத்துவிட்டு "வேலை செய்யலை" என்கிறார்கள். என்சைம் வாடையைத் தின்ன அவகாசம் வேண்டாமா? என்சைம் கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. (கீழே பின்சேர்க்கையைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.) பத்து நாளில் அந்த மூலை பக்கமே மிளகு போகவில்லை.

படி 5: மாடிக்குப் போய் ஒன்றும் செய்யாமல் திரும்பினால்

அரை மணி நேரம் மொட்டை மாடியில் காக்கையை வேடிக்கை பார்த்துவிட்டு, வீட்டு வாசலைத் தாண்டியதும் மிதியடியில் குந்துவாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று பற்றிக்கொண்டு வரும். அப்படி இல்லை. மாடியில் வேடிக்கை அதிகம், வந்த வேலை மறந்துபோகிறது. அதோடு நானும் ஒரு தப்பு செய்தேன். அவள் போன அடுத்த நிமிடமே தூக்கிக்கொண்டு கீழே வந்துவிடுவேன். போனால் வேடிக்கை முடிந்துவிடும் என்று தெரிந்ததும் அடக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டாள்.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். வாரைப் பிடித்துக்கொண்டு தொட்டி பக்கத்தில் மரம் மாதிரி நிற்பேன். பேச்சு கிடையாது, விளையாட்டு கிடையாது. போனால் ஈரல், அதன்பின் ஐந்து நிமிடம் ஆட்டம். ஐந்து நிமிடத்தில் போகவில்லையா, கீழே வந்து வாரை என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு பத்து நிமிடம் வேலை பார்ப்பேன். மறுபடி மாடி. மூன்று தடவை ஏறி இறங்கிய நாளும் உண்டு. லிஃப்டில் குட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். தரையில் விட்டால் அங்கேயே முடித்துவிடும், செயலாளரிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

செயலாளர் என்றதும் ஒன்று. அடுக்ககத்தில் நாயே கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது; விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அது இருக்கிறது. அதற்காக மாடியை அசிங்கமாக விட்டுவிட்டு அந்தத் தாளை நீட்டாதீர்கள். பழைய செய்தித்தாளும் பையும் எப்போதும் கையில் இருக்கட்டும். சென்னை என்றால் மாநகராட்சி உரிமமும் எடுத்து வையுங்கள், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது.

திட்டலாமா?

உங்கள் கண் முன்னால் குந்தினால் "ஏய்" என்று ஒரு சத்தம், உடனே தூக்கிக்கொண்டு மாடி. அவ்வளவுதான். போய் முடித்த பிறகு பார்த்தால் வாயை மூடிக்கொண்டு துடையுங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கச் சொல்லி எனக்கு நாலு பேர் சொன்னார்கள். ஒரு தடவை சத்தம் போட்டேன், அதற்கே மிளகு என் முன்னால் போவதை நிறுத்திவிட்டு கட்டிலடியில் போகத் தொடங்கினாள். நம் முன்னால் போகப் பயப்படுகிற குட்டி மாடியிலும் நம் முன்னால் போகாது. அப்புறம் ஈரலை யாருக்குக் கொடுப்பது?

பின்சேர்க்கை 1: பளிங்குத் தரையில் வினிகர் ஊற்றி மெருகு போய்விட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். தவறு என்னுடையது. வினிகர் புளிப்பு, பளிங்கை அரித்துவிடும். மார்பிள், கடப்பா கல் என்றால் என்சைம் மட்டும். எங்கள் வீட்டில் டைல்ஸ் என்பதால் எனக்குத் தோன்றவே இல்லை.

பின்சேர்க்கை 2: "விருந்தாளி வந்தால் மட்டும் ஒழுகுகிறது" என்று மூன்று பேர் கேட்டார்கள். அது பயமும் சந்தோஷமும் சேர்ந்து வருவது, கழிப்பறைப் பழக்கத்தோடு சம்பந்தமில்லை. வந்தவர் குனிந்து தலையைத் தடவாமல், ஐந்து நிமிடம் கண்டுகொள்ளாமல் உட்காரட்டும். வளர வளரக் குறையும். ஆனால் பழகின நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தாலோ, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ அது பயிற்சி விஷயமில்லை. டாக்டரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 3: மழை. மிளகுக்கு நனைவது பிடிக்காது, ஈரலுக்கும் மசியவில்லை. தொட்டியை மாடிப்படி முடியும் இடத்தில் கூரைக்கு அடியில் இழுத்து வைத்தேன். மண் நனைந்து கூழாகிவிடாமல் இருந்தாலே போதும், போய்விடுகிறாள். குடை பிடித்துக்கொண்டு நிற்பது அத்தையின் முறை. "உச்சா, உச்சா" என்று அவர் கெஞ்சுவது கீழ் வீட்டுக்கே கேட்கிறதாம்.