700 டாலரில் மீண்ட பேஸ்மென்ட் குளியலறை

டொராண்டோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பேஸ்மென்ட் குளியலறையில் இளஞ்சிவப்புத் தொட்டியும், மஞ்சளேறிய வினைல் தரையும், மூலையெங்கும் கரும்பூஞ்சணமும் இருந்தன. கையில் இருந்ததோ 700 டாலர். நிறத்தை மாற்றுவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பழைய வினைலில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும் என்பதால், ஒரு துண்டை ஆய்வுக்கு அனுப்பி, இல்லை என்று உறுதியான பிறகே உரித்தேன். பின்னர் காங்கிரீட்டின் மீது பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைத்தேன்.

தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது என்று பொருள்; எங்கள் தாளிலோ மேற்புறம்தான் முத்து முத்தாக நனைந்திருந்தது; அதாவது ஈரம் அறையின் காற்றிலிருந்தே வந்தது. மேலே பார்த்தபோது, ஈரக்காற்றை வெளியேற்ற வேண்டிய விசிறியின் குழாய் வெளிச்சுவரை எட்டாமல் உட்கூரைக்குள்ளேயே முடிந்திருந்தது. ஆகவே பணத்தில் பெரும்பகுதியைப் புதிய விசிறிக்கும், வெளியே செல்லும் உலோகக் குழாய்க்கும், உரிமம் பெற்ற மின்பணியாளரின் கூலிக்கும் ஒதுக்கினோம்.

தொட்டியை மாற்றவில்லை; உப்புத்தாளால் தேய்த்து, எபோக்சி என்னும் கெட்டிப்படும் பிசின் பூச்சை இருமுறை பூசினேன். அதன் நெடி மிகக் கடுமையானது; சுவாசக் கவசமும் திறந்த சன்னலும் இன்றி அந்த வேலையைத் தொடவே கூடாது. விளிம்புகளில் நீர் புகாமல் அடைக்கும் பழைய சிலிக்கோனைச் சுரண்டிப் புதிதாக இட்டேன். இப்போது குளித்து முடித்த சிறிது நேரத்திலேயே கண்ணாடி தெளிந்துவிடுகிறது.